இலக்குப் பட்டியலில் வந்த படகு

பனிதாசனும் கூட மூன்று பேரும் கடலுக்குப் போன எட்டாம் நாள் காலையில், அவர்களைத் தேடுவதைக் கடல்தேடல் அலுவலகம் நிறுத்தி இரண்டு நாள் ஆகியிருந்த நேரத்தில், பனிதாசனின் தம்பி கிளாரன்சு தன் கம்ப்யூட்டரில் ஆடிக்கொண்டிருந்த விண்வெளி விளையாட்டின் இலக்குப் பட்டியலில், கொள்ளைக்காரக் கப்பலைப் பிடி, மருந்துப் பெட்டியைக் கொண்டுபோய்ச் சேர் என்று வழக்கமாக வரும் வேலைகளுக்கு நடுவே, "சவேரியார்துறைப் படகு, பெயர் சம்மனசு, ஆட்கள் நான்கு, கண்டுபிடித்துக் கரைசேர்க்கவும்" என்று ஒரு வரி வந்தது.

கிளாரன்சு வெளிநாட்டுச் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவன். கப்பலில் கம்பிவடம் அறுந்து வலது கையில் மூன்று விரலைக் கொண்டுபோன பிறகு ஊர் திரும்பி, விண்ணோடி என்ற அந்த விளையாட்டில் ஒரு கையால் முடிகிற வேலையை மட்டும், அதாவது ஒரு கிரகத்தில் சரக்கேற்றி இன்னொரு கிரகத்தில் இறக்குவதை மட்டும் செய்து பொழுதைப் போக்கி வந்தான். அந்த வரியை இரண்டு தரம் வாசித்துவிட்டு ஜன்னல் வழியாக அடுத்த வீட்டைப் பார்த்து, "மைனி, அண்ணன் படகு பேரு லிஸ்ட்ல வந்திருக்கு" என்று கூப்பிட்டான்.

பனிதாசனின் மனைவி அமலோற்பவம் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ஊசியைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். வரியை விரல் வைத்து வாசித்தாள். படகு எப்படி அங்கே போயிற்று என்று அவள் கேட்கவில்லை. அந்தப் புயல் கோயில் கூரையைப் பிய்த்துக்கொண்டுபோய் ஐஸ் கம்பெனிக்கு அந்தப் பக்கம் போட்டிருந்தது, அலையைத் தடுக்கத் தூண்டில் வளைவுக்குப் போட்ட பாறைகளைத் தெருவுக்குள் உருட்டி விட்டிருந்தது, அப்படிப்பட்ட காற்று ஒரு படகை இன்னும் கொஞ்சம் உயரத்துக்குத் தூக்கி எறிந்திருந்தால் அதில் கேட்க என்ன இருக்கிறது? அவள் கேட்டது ஒன்றுதான்.

"எவ்வளவு தூரம்?"

"தூரம் பிரச்சின இல்ல மைனி. தேடிப் பிடிக்கணும். அதுக்கு ரெண்டு கை வேணும். ஒண்ணு திசைக்கு, ஒண்ணு வேகத்துக்கு."

"எனக்கு ரெண்டு கை இருக்குல்லா" என்று சொல்லி அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

தேடுவதை அலுவலகம் நிறுத்திய விதத்தைச் சொன்னால்தான் அவள் அப்படி உட்கார்ந்தது விளங்கும். பனிதாசனும் எப்ரேமும் லூர்தையனும் தொபியாசும் கிளம்பியது செவ்வாய்க்கிழமை விடியலில், தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரிக் கடல் கிடந்தபோது. புயல் எச்சரிக்கை வந்தது வியாழக்கிழமை மத்தியானம், காற்று ஏற்கெனவே ஓடுகளைப் பறக்கவிட ஆரம்பித்த பிறகு. அலுவலகத்து ஹெலிகாப்டர் மூன்று நாள் கரையோரமாகவே சுற்றியது, ஆழக்கடலுக்குப் போங்கள் என்று பெண்கள் மண்ணில் விழுந்து கும்பிட்டும் கரையை விட்டு விலகவில்லை, ஆறாம் நாள் அதுவும் வரவில்லை. அதற்குப் பதிலாக அதிகாரி ஞானமூர்த்தி ஜீப்பில் வந்து இறங்கி, அச்சடித்த தாள்களை நான்கு வீட்டுப் பெண்கள் கையிலும் கொடுத்தார். எச்சரிக்கையை மீறிக் கடலுக்குச் சென்றதால் நேர்ந்த இழப்புக்கு யாரும் பொறுப்பல்ல என்று அதில் இருந்தது.

"சார், எச்சரிக்கை வந்தது வியாழக்கெழம. இவிய போனது செவ்வாக்கெழம. வராத எச்சரிக்கைய எப்படி மீறுவாவ?" என்று அமலோற்பவம் கேட்டாள்.

"ஃபாரம் அப்படித்தாம்மா அச்சடிச்சு வந்திருக்கு. கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா ஃபைலை முடிச்சிடலாம்."

"ஆளு வராம ஃபைலு எப்படி முடியும்?"

அவர் பேனா மூடியைத் திறந்து நீட்டினார். அவள் வாங்கவில்லை. எப்ரேமின் மனைவி பிரகாசி கைக்குழந்தையை அந்தக் கையிலிருந்து இந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு, எனக்குக் கை ஒழியவில்லை என்றாள். மற்ற இருவரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஜீப் திரும்பிப் போயிற்று.

ஆக, எட்டாம் நாள் அமலோற்பவம் தேடப் படித்தாள். முதல் நாள் முழுவதும் அவள் செய்தது வெறும் ஓட்டம்தான். இடது கையால் வேகத்தை முட்ட ஏற்றி, வலது கையால் கப்பலை அங்கும் இங்கும் திருப்பி, எங்கே வெளிச்சம் தெரிந்தாலும் அங்கே பாய்ந்தாள். இருட்டு அவளைத் தாண்டி ஓடியது, நட்சத்திரங்கள் மழைக்கோடு மாதிரிச் சரிந்தன, ஒரு படகும் தென்படவில்லை. சாயங்காலம் ஆனபோது அவள் கை இரண்டும் மரத்துப் போயிருந்தன.

"மைனி, இப்படி ஓடுனா ஒரு வருசம் ஓடினாலும் கெடைக்காது" என்றான் கிளாரன்சு. "ஒவ்வொரு நட்சத்திர வட்டாரத்துக்கும் வாசல்ல ஒரு விளக்குத்தூண் நிக்கும். மொதல்ல அங்க போயி அசையாம நிக்கணும். அந்த வட்டாரத்துல என்னென்ன கெடக்குன்னு அது சொல்லும். அது சொன்ன பெறவுதான் இடது பக்கத்துப் பட்டியல்ல நம்ம இலக்கோட பேரு வரும்."

"ஆளு சாகக் கெடக்கையில நிக்கணுமா?"

"நிக்கணும்."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஒன்பதாம் நாள் நான்கு விளக்குத்தூண்களின் பக்கத்தில் நின்று ஒன்றும் கிடைக்காமல், ஐந்தாவதில் பட்டியலின் அடியில் மஞ்சள் எழுத்தில் சம்மனசு என்ற பெயர் எழும்பியபோது அறையில் இருந்த அத்தனை பெண்களும் சத்தம் போட்டார்கள். அவள் உடனே வேகத்தை ஏற்றினாள். மஞ்சள் கட்டம் பெரிதாகிப் பெரிதாகி வந்து, ஒரே கணத்தில் பின்னால் போய்விட்டது. திரும்பினாள், பாய்ந்தாள், மறுபடியும் தாண்டிப் போனாள். கிட்டே போகப் போக வேகத்தைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும், சேருவதற்கு இன்னும் ஏழு நொடி என்று காட்டுகிறபோதே கையைத் தளர்த்திவிட வேண்டும், எட்டு என்றால் சரி, ஆறு என்றால் தப்பிப் போச்சு என்று கிளாரன்சு சொல்லிக்கொண்டே இருந்தான். ஆனால் மஞ்சள் கட்டத்துக்குள் இருப்பது தன் புருசன் என்று தெரிந்தவளுடைய கை எப்படித் தளரும்? பத்தாம் நாள் பதினெட்டுத் தரம் தாண்டிப் போனாள். பதினோராம் நாள் எத்தனை தரம் என்று பிரகாசி எண்ணுவதை விட்டுவிட்டாள்.

ஊர் இதற்கு ஏற்றாற்போலத் தன்னை மாற்றிக்கொண்டது. பூசை முடிந்து பங்குச் சாமியார் அறிவிப்புகள் வாசித்தபோது, அமலோற்பவம் தேடுகிற நேரத்தில் கரண்டு குறையாமல் இருக்கும்பொருட்டு யாரும் கிரைண்டரோ தண்ணீர் மோட்டாரோ போட வேண்டாம் என்பதையும் சேர்த்து வாசித்தார். ஐஸ் கம்பெனிக்காரர் அந்த நேரத்தில் மெஷினை நிறுத்திவைத்தார். ஆழக்கடலுக்குப் போய்ப் பழகிய ஆண்கள் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று, அந்தச் சிவப்பு நட்சத்திரத்தை இடது கைப் பக்கம் வைத்துப் போ, இந்த ஒளிமூட்டத்துக்குள் நீரோட்டம் மாதிரி ஒரு இழுப்பு இருக்கிறது, அதற்கு எதிராகக் கப்பலின் மூக்கைப் பிடி என்று யோசனை சொன்னார்கள், அதில் பாதி சரியாகவும் இருந்தது. திரையை நான்காகப் பங்கிட்டுக்கொண்டு நான்கு பெண்கள் முறைவைத்துக் கண்காணித்தார்கள். கடைவீதியில் இரண்டு பெண்கள் சந்தித்துக்கொண்டால் இன்றைக்கு ஏழில் நின்றாளா என்று கேட்டுக்கொண்டார்கள், ஆறுக்குப் போய்விட்டது என்று பதில் வந்தால் இருவரும் உச்சுக்கொட்டினார்கள். பக்கத்துத் துறைகளுக்கும் செய்தி போய், புயலில் ஆளைத் தொலைத்த வீட்டார் வேன் பிடித்து வந்து பட்டியலைப் பார்த்தார்கள். பார்க்கப் பார்க்க வரிகள் கூடின. அலங்கார அன்னை, ஆட்கள் ஆறு. ஸ்தனிஸ்லாஸ், ஆட்கள் மூன்று. மொத்தம் பதினேழு படகு.

பன்னிரண்டாம் நாள் ஞானமூர்த்தி மறுபடியும் வந்தார். அவரும் ஆச்சரியப்படவில்லை. திரைக்கு முன்னால் குனிந்து பார்த்துவிட்டு, இடம் எது என்று கேட்டு, கிளாரன்சு சொன்ன எண்களைக் குறித்துக்கொண்டார்.

"இது எங்க எல்லைக்குள்ள வராது. எங்களுக்குக் கரையிலேர்ந்து இருநூறு மைல்தான்."

"அப்ப யாரு எல்லை சார்?"

"வான்வெளிக்குத் தனியா ஒரு துறை இருக்கும். மனுக் கொடுங்க, நாங்க மேலே அனுப்பி வைக்கிறோம். இன்னொண்ணு, அனுமதி இல்லாம தனியார் தேடக் கூடாதுன்னு விதி இருக்கு. நான் பார்க்காத மாதிரி போயிடறேன்." அவர் ஃபாரங்களை மேஜையில் வைத்தார். "இப்பவாவது கையெழுத்துப் போட்டுடுங்க. எங்கே இருக்காங்கன்னுதான் தெரிஞ்சு போச்சே, இனிமே அவங்க காணாமப் போனவங்க கணக்கிலயும் வரமாட்டாங்க."

அமலோற்பவம் ஜாய்ஸ்டிக்கை விட்டுக் கையை எடுக்காமலே திரும்பினாள். "கரைக்குள்ள மூணு நாள் சுத்துனீரு. அது உம்ம எல்லைதான? அங்கன எதைக் கண்டுபிடிச்சீரு?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே வெளியே போனார். அவருக்கு அடி விழாமல் பார்த்துக்கொண்டது பங்குச் சாமியார்தான்.

பதினாலாம் நாள் முற்பகல் பதினொரு மணிக்கு அவள் ஏழில் நின்றாள். மஞ்சள் கட்டம் நடுங்கி அடங்கியது, கப்பல் ஒரு குலுக்கலோடு சும்மா மிதக்கத் தொடங்கியது, எதிரே ஒன்றுமே இல்லை.

"எங்க கிளாரன்சு? எங்க?"

"கண்ணால தேடாதீங்க மைனி. கீழ இருக்க ரேடார் வட்டத்தப் பாருங்க. புள்ளியிலேர்ந்து கோடு மேல நின்னா ஆளு நமக்கு மேல. கீழ தொங்குனா நமக்குக் கீழ."

கோடு கீழே தொங்கியது. கடல்காரியான அவளுக்குத் திசை என்றால் நான்குதான், காலுக்குக் கீழே ஒரு திசை இருக்கிறது என்பதை அந்தக் கணத்தில்தான் உடம்பு ஒப்புக்கொண்டது. கப்பலின் மூக்கை மெல்லக் கீழே சாய்த்தாள். ஒரு பெரிய சாம்பல் நிறக் கோளின் விளிம்பில், வெயில் பட்டும் படாமலும், நீலத் தார்ப்பாய் கட்டிய சம்மனசு மிதந்துகொண்டிருந்தது. படகின் முன்முனையான அணியத்தில் ஒருவன் நின்று சட்டையைக் கழற்றி வீசிக்கொண்டிருந்தான். அது தொபியாசு. எப்ரேமும் லூர்தையனும் ஒருவரையொருவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். தார்ப்பாய்க்கு அடியில் ஒருவன் படுத்திருந்தான், அவன் எழுந்திருக்கவில்லை.

அமலோற்பவம் கப்பலின் சரக்கு வாயிலைத் திறந்து, வலையை இழுத்துக் கட்டுமரத்தில் போடுகிற நிதானத்தோடு படகை உள்ளே வாங்கினாள், வாயிலை மூடினாள், வழியெல்லாம் வேகத்தை ஏற்றாமல் வந்து சரக்கு நிலையத்தில் இறக்கினாள். கரைசேர்க்கப்பட்டது என்று திரையில் எழுத்து வந்தபோது கடற்கரையிலிருந்து கூச்சல் கேட்டது.

சம்மனசு கோயிலுக்கு நேரே மணலில் நின்றது. அதன் மேலெல்லாம் பாசிக்குப் பதிலாக மாவு மாதிரி ஒரு சாம்பல் தூசி படிந்திருந்தது, தொட்டவர்கள் ஐஸ் கட்டியைத் தொட்ட மாதிரிக் கையை உதறினார்கள். தண்ணீர் கொடுத்துக் கூட்டி வந்தார்கள் மூன்று பேரையும். மீனுக்கென்று கொண்டுபோன ஐஸ் அங்கே உருகவே இல்லை, அதைக் கடித்துத்தான் உயிரோடு இருந்தோம் என்றார்கள். பனிதாசனுக்குப் புயலிலேயே இன்ஜின் புரண்டு விழுந்து தொடை கிழிந்துவிட்டது, காயம் கறுத்துப் போய்விட்டது என்றார்கள்.

அமலோற்பவம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து முகத்திலிருந்த தூசியை முந்தானையால் துடைத்தாள். அது துடைக்கத் துடைக்கப் போகவில்லை. நிமிராமலே கேட்டாள்.

"எந்த நாளு?"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தொபியாசுதான் சொன்னான். "பதினோராம் நாளு யக்கா. காலையில."

"நெனவு இருந்துதா?"

"கடைசி வர இருந்துது. எங்களத் தாண்டி ஒரு வெளிச்சம் போயிட்டுப் போயிட்டு வந்துது யக்கா. நாங்க கத்துனோம், அது நிக்கல. நாங்க அழுதோம். அண்ணந்தான் சொன்னாரு, தேடுது டேய், நிறுத்தத்தான் தெரியல, படிச்சிரும், பொறுங்கன்னு."

சுற்றி நின்றவர்கள் அமலோற்பவத்தைப் பிடித்துக்கொள்ளக் கை நீட்டினார்கள். அவள் விழவில்லை. கொஞ்ச நேரம் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள், யாரிடம் என்றில்லாமல், ஆனால் கூட்டத்தின் கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி.

"நான் படிக்காதவ. படிச்சு முடிக்கதுக்குப் பிந்திப் போச்சு. படிச்சவன் எங்க போனான்? நிறுத்தத் தெரிஞ்சவன் எங்க போனான்? ஆறாம் நாளு என் வீட்டு வாசல்ல பேனாவ நீட்டிக்கிட்டு நின்னானே, அன்னைக்கு இந்த மனுசன் உசுரோட ஐஸக் கடிச்சுக்கிட்டு கெடந்திருக்காரு."

மறுநாள் காலையிலேயே அடக்கம் செய்தார்கள். மூன்றாம் நாள் வரைக்கும் அவள் வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது என்பது ஊர் வழக்கம். கல்லறையிலிருந்து அவள் நேரே பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள். பட்டியலில் இன்னும் பதினாறு படகு இருந்தது, ஒவ்வொன்றிலும் யாரோ சட்டையை வீசிக்கொண்டு நிற்கிறார்கள், அவளுக்கு இருப்பது இரண்டு கை. பிரகாசி பின்னால் வந்தாள். எப்ரேம் குழந்தையை வாங்கிக்கொண்டு நீ போ என்று அனுப்பி வைத்திருந்தான். மற்ற துறைகளின் பெண்களும் சேர, பேருந்து கொள்ளாமல் இரண்டு மினி லாரி பிடித்து நாற்பது பேர் போய்ச் சேர்ந்தார்கள். கிளாரன்சு விளையாட்டை ஒரு பென் டிரைவில் ஏற்றி மூன்று விரல் போன கையில் இறுக்கிப் பிடித்திருந்தான். ஜாய்ஸ்டிக்குகளை, ஆட்டம் ஆடுகிற ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டி வாங்கி, மீன்கூடையில் போட்டுத் தூக்கி வந்திருந்தார்கள்.

கடல்தேடல் அலுவலகத்தில் ஒன்பது கம்ப்யூட்டர் இருந்தன. இரண்டில் சீட்டாட்டம் ஓடிக்கொண்டிருந்தது.

ஞானமூர்த்தி எழுந்து நின்றார். "துக்கம்தாம்மா. எங்களுக்கும் தெரியும். ஆனா இப்படிக் கூட்டமா வரக் கூடாது."

அமலோற்பவம் கையெழுத்துப் போடாத ஃபாரத்தை அவர் முன்னால் வைத்தாள். அதன் பின்பக்கத்தில் அவள் கையால் எழுதியிருந்தது. கிளம்பியது செவ்வாய். எச்சரிக்கை வந்தது வியாழன். நீங்கள் நிறுத்தியது ஆறாம் நாள். அவர் செத்தது பதினோராம் நாள்.

அவர் வாசித்தார். வாசித்துவிட்டு, "பின்பக்கம் எழுதறதுக்கு ஃபாரத்துல இடம் கிடையாதும்மா" என்றார். சொன்ன பிறகு அவருக்கே அது காதில் விழுந்திருக்க வேண்டும்.

"எழுத எடம் கெடக்கட்டும். உக்காரும்" என்றாள் அவள். "இது வெளையாட்டுல்லா, சர்க்கார் கம்ப்யூட்டர்ல ஏத்தக் கூடாதுன்னு சொல்லப் போறீரா? அந்த ரெண்டுலயும் என்ன ஓடுது?"

கிளாரன்சு மேஜை மேஜையாகப் போய்ப் பென் டிரைவைச் செருகினான். பெண்கள் மீன்கூடையிலிருந்து ஜாய்ஸ்டிக்கை எடுத்து ஒவ்வொரு அதிகாரி முன்னாலும் வைத்தார்கள், வைத்துவிட்டு, ஒவ்வொருத்தர் முதுகுக்குப் பின்னாலும் இரண்டு பேர் நின்றுகொண்டார்கள். அலங்கார அன்னை என்ற படகை எடுத்துக்கொண்டார் ஞானமூர்த்தி, எடுத்துக்கொள்ள வைத்தார்கள் என்றும் சொல்லலாம். அவர் பின்னால் அமலோற்பவம் நின்றாள். அவள் பக்கத்தில் அந்தப் படகில் இரண்டு மகன்களை அனுப்பிய எலிசாள் நின்றாள்.

எடுத்த எடுப்பில் அவர் பாய்ந்தார்.

"ஓடாதேயும்" என்றாள் அமலோற்பவம். "விளக்குத்தூணுக்குப் போம். அங்கன நில்லும்."

நின்றார். பெயர் எழும்பியது. கையை மேலே ஏற்றினார், மஞ்சள் கட்டம் கண்ணுக்கு முன்னால் பெருத்துப் பின்னால் போயிற்று. எலிசாள் வாயில் சேலையைத் திணித்துக்கொண்டு முனகினாள். அந்த முனகல் தன் பிடரிக்குப் பக்கத்தில் கேட்டதும் அதிகாரி திரும்பிப் போனார். மறுபடியும் தாண்டினார். மூன்றாம் தரம், நான்காம் தரம், ஏழு நொடியில கையத் தளத்தணும் சார் என்று எலிசாள் சேலையை வாயிலிருந்து எடுத்துச் சொல்லியும் தாண்டினார். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் கேட்டார், ஒரு பெண் செம்பில் கொண்டுவந்து கொடுத்தாள். யாரும் அவரைத் திட்டவில்லை, அதுதான் அவருக்குப் பெரிய பாரமாக இருந்தது போலும்.

சுவர்க் கடிகாரம் ஐந்து அடித்தது. பழக்கத்தில் ஒன்பது நாற்காலிகளும் பின்னால் நகர்ந்தன. ஞானமூர்த்தியும் அரைவாசி எழுந்து, மேஜை மேலிருந்த சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார். அறை வாசலில், வராந்தாவில், படிக்கட்டில், படிக்கட்டுக்குக் கீழே ஜீப் நின்ற இடத்தில் எல்லாம் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தியும் வழியை மறிக்கவில்லை, நடுவில் ஒரு ஆள் போகிற அளவுக்கு இடம் விட்டுத்தான் உட்கார்ந்திருந்தார்கள். அந்த இடைவெளி வாசல்வரைக்கும் நேராகப் போயிற்று. அவர் அதை ரொம்ப நேரம் பார்த்தார்.

பிறகு டப்பாவைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். "எத்தனை நொடின்னு சொன்னீங்க?" என்று எலிசாளிடம் கேட்டார்.